குந்தவை: ஒரு பெயர் நடந்து வந்த வழி

திண்டிவனத்தில் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தொட்டிலில் போடும் நாள் நெருங்கியபோது என்ன பெயர் என்ற பேச்சு வந்தது. அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்க மாமா, பொன்னியின் செல்வனை நாலு தடவை படித்தவர். பேத்திக்குக் குந்தவை என்று வைக்கலாம் என்று ஆரம்பித்தார். அக்கா அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள். “ஏன், பள்ளிக்கூடத்துல புள்ளைங்கல்லாம் குந்த வை, எழுப்பி வைன்னு கூப்புடுறதுக்கா?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். தெற்கே இருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடாமல் போகலாம். சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம், வேலூர்ப் பக்கம் ‘குந்து’ என்றால் உட்கார். ‘செத்த குந்துப்பா’ என்பது இங்கே சாதாரணப் பேச்சு. அந்தக் காதில் குந்தவை என்பது பெயராக விழாது, கட்டளையாகத்தான் விழும்.

குழந்தையைப் பெற்றவள் மட்டும் சிரிக்கவில்லை. “மாமா, நீங்கதான் கல்வெட்டு அது இதுன்னு படிக்கிறீங்களே. இந்தப் பேருக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம்? பாத்துச் சொல்லுங்களேன்” என்றாள். வாட்ஸ்அப்பில் சொல்ல ஆரம்பித்து, நீண்டுபோய், இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பெயர் அர்த்தம் சொல்லும் இணையதளங்கள். ‘அறிவானவள்’ ‘இளவரசி’ என்று எதையாவது போட்டு, பக்கத்திலேயே ராசி, அதிர்ஷ்ட எண் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். இதெல்லாம் கதையில் வரும் குந்தவையின் குணத்தைப் பெயரின் மேல் ஏற்றிச் சொல்வது. சொல்லுக்குள் அப்படி எதுவும் இல்லை.

சொல்லைப் பின்னால் இருந்து பிரித்தால் சுலபம். கடைசியில் நிற்பது ‘அவ்வை’. ஔவையார் என்கிறோமே, அதே சொல். தாய், மூத்த பெண், மதிப்புக்குரியவள் என்று பொருள். கன்னடத்தில் இதுவே அவ்வ, அவ்வெ, அப்பெ என்று வரும். பெண் பெயரின் வாலில் இதை ஒட்டுவது கன்னட, தெலுங்கு நாடுகளில் அந்தக் காலத்து வழக்கம். பத்தாம் நூற்றாண்டில் கன்னடக் கவி ரன்னனை ஆதரித்த சமணப் பெருமாட்டி பெயர் அத்திமப்பெ. பொன்னன் எழுதிய சாந்தி புராணத்தை ஆயிரம் பிரதி எடுக்க வைத்துக் கொடுத்தவள். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் பிரதி! அவள் பெயரில் இருக்கும் ‘அப்பெ’யும் குந்தவையில் இருக்கும் ‘அவை’யும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

முன்பாதியான ‘குந்த’ கொஞ்சம் சிக்கல். வடமொழியில் குந்தம் என்று நம் எழுத்தில் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று மெல்லோசைத் தகரம் கொண்டது. அது வெள்ளையாகப் பூக்கும் ஒரு மல்லிகை வகை. இன்னொன்று வல்லோசை, ஈட்டி என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ‘ஈட்டி ஏந்தியவள்’ என்றுகூட வீரமாக விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் சாளுக்கியச் செப்பேடுகளில் இந்தப் பெயர் மெல்லோசையோடுதான் வருகிறது. அதனால் என் ஓட்டு மல்லிகைக்கு. மல்லிகை அம்மா, அவ்வளவுதான். நம் ஊர்ப் பூவாத்தாள், பூவம்மாள் மாதிரி ஒரு பெயர். மாமாவுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்கு அர்த்தத்தைவிட இந்தப் பெயர் யார் யாரிடம் இருந்தது என்பதுதான் சுவாரஸ்யமாக இருந்தது. குந்தவை என்றால் ஒரே ஒரு ஆள் என்று நினைத்திருக்கிறோம், இல்லையா? எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர் கிடைக்கிறார்கள்.

முதல் ஆள் சோழப் பெண்ணே கிடையாது. ராணிப்பேட்டைப் பக்கம் திருவலம் என்று ஓர் ஊர், பழைய பெயர் திருவல்லம். அங்குள்ள சிவன் கோயிலில் வாணர் குலத்து அரசர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வாண அரசனின் பட்டத்தரசி பெயர் அதில் வருகிறது, குந்தவ்வை என்று. அவள் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியின் மகள். கங்கர் என்றால் இன்றைய தென் கர்நாடகம். பெயரில் ‘வ்’ இரட்டித்து நிற்பதைக் கவனியுங்கள், அவ்வை அப்படியே வெளியே தெரிகிறது. கங்க நாட்டிலிருந்து வாணர் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணோடு இந்தப் பெயர் பாலாற்றுப் பக்கம் வந்து இறங்கியிருக்கிறது.

இரண்டாவது ஆள் சோழர் வீட்டுக்கு வந்த மருமகள். பத்தாம் நூற்றாண்டு, அரிஞ்சய சோழனின் மனைவியருள் ஒருத்தி ‘வீமன் குந்தவையார்’. வீமன் என்பது அப்பா பெயர். வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் பீமனாக இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கணவன் இறந்த பிறகும் இவள் இருந்திருக்கிறாள். மகன் முறையான சுந்தர சோழன் ஆட்சியில் கோயிலுக்குத் தானம் கொடுத்திருக்கிறாள். மகன் முறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சுந்தர சோழனைப் பெற்றவள் வைதும்ப குலத்துக் கல்யாணி என்று அன்பில் செப்பேடு சொல்கிறது.

அந்தச் சுந்தர சோழனுக்குப் பிறந்த மகள்தான் நமக்கெல்லாம் தெரிந்த குந்தவை, ராஜராஜனின் அக்கா. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பெரிய மனுஷியாக இருந்த பாட்டி முறை ஒருத்தியின் பெயர், பேத்திக்கு. பேத்தி என்ற சொல்லே ‘பெயர்த்தி’ என்பதன் பேச்சு வடிவம், பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். ஆக, சோழ மண்ணுக்கே உரிய பெயர் என்று நாம் நினைக்கும் குந்தவை, கல்யாணமாகி வந்த ஒரு வெளிநாட்டு மருமகளின் பெயர். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தபோதுதான் அது சோழப் பெயர் ஆனது. இது என் ஊகம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தஞ்சைக் கல்வெட்டில் இந்தக் குந்தவையைச் சொல்லும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜராஜ தேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார், அப்புறம் ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி யார், கணவன் யார் என்று சொல்லிவிட்டு, பெயருக்கு முன்னால் அப்பா பெயர். சுந்தர சோழனுக்குப் பராந்தகன் என்றும் பெயர் உண்டே. இன்றைய கணக்கில் ‘ப. குந்தவை’. ‘ஆழ்வார்’ என்ற மரியாதைப் பட்டம் பெண்ணுக்கும் இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்கலாம். பெரிய கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்யச் சொல்லும் ஆணையில், தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாக ராஜராஜன் குறிப்பிடுவது தன் அக்கன் கொடுத்ததைத்தான். மனைவியர் அதற்கப்புறம்தான் வருகிறார்கள்.

அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டியபோது அவள் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது. நானும் தம்பிதானே.

ராஜராஜன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயர் வைத்தான். அவள் நாலாவது ஆள். அவளை வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வேங்கி என்பது கோதாவரி, கிருஷ்ணை நதிகள் பாயும் ஆந்திரக் கடலோரம். வீமன் குந்தவை அங்கிருந்து வந்தவள் என்று வைத்துக்கொண்டால், மூன்று தலைமுறை கழித்து அதே பெயர் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. இவள் மகன் ராஜராஜ நரேந்திரன். தெலுங்கின் ஆதிகவி என்று கொண்டாடப்படும் நன்னயர், மகாபாரதத்தைத் தெலுங்கில் எழுதத் தொடங்கியது இந்த மன்னன் கேட்டுக்கொண்டதால்தான். பெயரில் பாதி தாத்தா, பெற்றவள் குந்தவை. அவன் ஆதரவில் பிறந்ததோ தெலுங்குக் காவியம்!

ஐந்தாவது ஆள் நரேந்திரனின் மகள். முதலாம் குலோத்துங்கனின் தங்கை. அண்ணன் 1070-இல் வேங்கியிலிருந்து வந்து சோழ அரியணை ஏற, தங்கை சிதம்பரம் கோயிலுக்குக் கொடை கொடுத்ததாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வருகிறாள், ராஜராஜன் குந்தவை ஆழ்வார் என்று. இந்த ராஜராஜன் நரேந்திரன்தான், பெரிய கோயில் கட்டியவர் இல்லை. இனிஷியலைக் கவனிக்காவிட்டால் ஆள் மாறிப்போகும். அவளுக்கும் பாட்டி பெயர்தான் வந்திருக்கிறது. மறுபடியும் ஒரு பெயர்த்தி.

கங்கம், வாணம், வேங்கி, தஞ்சை, திரும்ப வேங்கி, கடைசியில் சிதம்பரம். முந்நூறு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் பெண்களோடு சேர்ந்து இந்தப் பெயர் இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. மகன்கள் வழியாக மட்டும் வம்சத்தைப் படித்தால் இது கண்ணிலேயே படாது.

அதன் பிறகு பெயர் வழக்கொழிந்து போகிறது. கோயில் நகரங்களில்கூட மங்கையர்க்கரசி, கோதை, ஆண்டாள் எல்லாம் வீட்டுக்கு வீடு நீடித்தன. அவர்களுக்குத் தேவாரமும் திருப்பாவையும் துணை இருந்தன, பாட்டு இருக்கும்வரை பெயர் இருக்கும். குந்தவையைச் சுமந்தது கல்லும் செம்பும் மட்டும்தான். 1950-இல் கல்கி தன் பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடரை ஆரம்பித்து, ‘இளைய பிராட்டி’யை வாரா வாரம் வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் வாயில் இந்தப் பெயர் மறுபடி புழங்கியது. தஞ்சையில் அரசு மகளிர் கல்லூரிக்குக் குந்தவை நாச்சியார் என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் மணிரத்னம் படம் வந்ததும் த்ரிஷா முகத்தோடு சேர்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்தது சரி, வைத்தார்களா? அதே நாவலில் வரும் வானதியும் பூங்குழலியும் எத்தனை வீடுகளில் ஓடி விளையாடுகிறார்கள். ராஜராஜனைக் கொல்லத் துடிக்கும் கூட்டத்தில் இருக்கும் நந்தினி பெயரைக்கூட யாரும் தயங்காமல் வைக்கிறார்கள். குந்தவை மட்டும் என் வாழ்க்கையில் நேரில் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன், கும்பகோணத்தில் ஒரு வங்கியில். அவரிடம் கேட்டேன். “தமிழ் எழுத்துல பிரச்சினை இல்லைங்க, இங்கிலீஷ்ல எழுதினாத்தான் பிரச்சினை” என்றார். ‘டி’ போட்டு எழுதினால் வடக்கே இருப்பவர்கள் குண்டவை என்கிறார்களாம். குண்டு என்ற சொல்லைக் கேட்டு வளரும் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘டிஎச்’ போட்டால் சரியாகப் படிக்கிறார்கள் என்றும் சொன்னார். தஞ்சைக் கல்லூரி ‘டிஎச்’ சை விட்டு ‘டி’க்குப் பதிலாக வேறு வழி எடுத்திருக்கிறது, ‘டீ, எச்’. மூன்று விதமும் புழக்கத்தில் இருக்கின்றன. வைக்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழிலேயே ஒன்றைத் தீர்மானித்துவிடுவது நல்லது, பிறகு ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்காது.

இத்தனையும் அக்கா மகளுக்குச் சொல்லி முடித்தேன். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் சொன்னாள். “எனக்கும் ஆயா பேருதான் வெச்சாங்க. பச்சையம்மா. எட்டாவது வரைக்கும் பச்ச, பச்ச மொளகான்னு கூப்டு கூப்டு அழ வெச்சாங்க. ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. கூடப் பிறந்தவன், நாற்பது வருஷமாகத் தெரியாது. வீட்டில் அவளை எல்லோரும் ‘பெரிசு’ என்றுதான் கூப்பிடுவோம். கையெழுத்தில்கூட அவள் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேலிக்குப் பயந்து பெயரை விடக்கூடாது என்று வீரமாக எழுத நான் ஒரு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.

பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயர் கட்டம் காலி. பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. இப்போதைக்குப் பாப்பா.

திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே தாதாபுரம் இருக்கிறது, பழைய ராஜராஜபுரம். குந்தவை அங்கே சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுத்தாள். பெருமாள் கோயிலுக்கும் சமணக் கோயிலுக்கும் தன் பெயரையே வைத்தாள், குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம் என்று. ராஜராஜனின் இருபத்தொன்றாம் ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு, அவள் கொடுத்த பொன், வெள்ளி, முத்தை எல்லாம் வரிசையாகச் சொல்கிறது. ‘குந்து’ என்று பேசும் ஊரின் நட்டநடுவில் அவள் பெயர் ஆயிரம் வருஷமாகக் கல்லில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் அக்கா மகள். மாமா வண்டிக்குச் சொல்லிவிட்டார். அக்கா வருகிறாளா என்று கேட்டேன்.

“புள்ளைக்கு வெயில் ஆவாது, காலைலயே கெளம்பணும்” என்றாள்.