கிச்சன் அலமாரி: நீங்களே வாங்கலாமா... ஆசாரியைக் கூப்பிடலாமா?

புது வீடு கட்டியாச்சு. கிச்சனுக்கு அலமாரி போடணும். தேனியில் தெரிந்த ஆசாரி ஒரு தொகை சொல்கிறார். மாடுலர் கிச்சன்காரர் சொல்வதைக் கேட்டால் தலை சுற்றுகிறது. போனில் பார்த்தாலோ, 'அளவு கொடுங்கள், பெட்டி வீட்டுக்கே வரும்' என்கிறார்கள். 'நாமளே வாங்கி மாட்டிட்டா என்ன?' என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால், மூன்று வேளையும் அங்கே நிற்கப்போவது யார்?

அதனால் முதலில் உங்கள் முழங்கையை அளந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று, கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் நாலைந்து அங்குலம் குறைத்தால், காய் நறுக்கும் மேடைக்கு அதுதான் சரியான உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் 33 அங்குலம். அடுப்பு மேடை இன்னும் தாழ்ந்திருக்க வேண்டும். அடுப்பும் குக்கரும் அதன்மேல்தானே ஏறப்போகின்றன!

ரெடிமேட் பெட்டிகளோ பொதுவான ஓர் அளவில் செய்யப்படுபவை. காலும் மேல் கல்லும் சேர்ந்தால் சிலவற்றில் 35 அங்குலம்கூட வந்துவிடும். சின்னமனூரில் என் நாத்தனார் வீட்டில் இதுதான் நடந்தது. குழம்பைக் கிண்டும்போதெல்லாம் தோளைத் தூக்கித் தூக்கி, ஆறு மாதம் தைலம் தேய்த்தார். கடைசியில் ஆசாரி வந்து அடுப்புப் பகுதியை மட்டும் மூன்று அங்குலம் இறக்கினார். 'பாதி வலி போயிருச்சு மதினி' என்கிறார் இப்போது.

அடுத்தது, மரம். ஆனி, ஆடியில் குமுளி மலைப்பக்கமிருந்து கூடலூர், கம்பம் வரை சாரல் எட்டிப் பார்க்கும். மலிவான பெட்டிகள் பல, மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஊதிப்போகும். அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கசியலாம். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது. பயந்துவிட வேண்டாம். 'ஈ-1' அல்லது 'ஈ-0' தரமா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு சில வாரம் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சிங்க் அடியில் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால், கடப்பாக்கல் தட்டு வைத்து அலுமினியக் கதவு போடுகிற நம்மூர்ப் பழக்கமே மேல். கரையானும் அரிக்காது, வாடையும் வராது!

டிராயர், கம்பிக்கூடை, தரையில் நிற்கும் பெட்டி... இவற்றை நீங்களே தாராளமாக வாங்கலாம். சுவரில் தொங்கும் அலமாரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ, எவர்சில்வர் பாத்திரக் கனத்தைத் தாங்காது. விழுந்தால் நேராக உங்கள் தலைதான். தெரிந்தவரை வைத்தே மாட்டுங்கள்.

சிலிண்டரை அலமாரிக்குள் வைப்பதானால், கதவின் அடிப்பகுதியில் காற்று போக வழி விடச் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடுதான் தேங்கும். 5 வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் டியூப்பை மாற்றக் கை நுழைய இடமும் வேண்டும்.

ஆசாரி அளவெடுக்க வரும் அன்று நீங்களும் கிச்சனில் நில்லுங்கள். வெறுங்காலோடு!