உடைந்த கோளுக்கும் இயற்பியல் உண்டு

சிதைந்த கோள், கணினியில் தீட்டப்படும் விண்வெளி ஓவியங்களில் அடிக்கடி இடம்பெறும் கருப்பொருள். இந்தக் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல். டைட்டன் துணைக்கோளிலிருந்து பார்த்தால் சனி எப்படித் தெரியும் என்பதை, அளவுகளைக் கணக்கிட்டு அவர் வரைந்த ஓவியம் 1944-இல் ‘லைஃப்’ இதழில் வெளியானது. இன்று தூரிகையின் இடத்தில் போட்டோஷாப், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. கணக்கு மட்டும் மாறவில்லை.

கோள் எதனால் சிதைந்தது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மோதல் என்றால், சாதாரண விண்கல் போதாது. அது பள்ளம் மட்டுமே பறிக்கும். பூமியளவு கோளை முற்றாகச் சிதறடிக்க, சூரியன் ஏறத்தாழ ஒரு வாரம் உமிழும் ஆற்றல் வேண்டும். ஈர்ப்பும் ஒரு காரணமாகலாம். பெரிய கோளை மிக நெருங்கும் சிறு பொருள், ‘ரோச் எல்லை’யைத் தாண்டியதும் இழுவிசையால் கிழிபடும். 1992-இல் வியாழனை நெருங்கிய ஷூமேக்கர்–லெவி 9 வால்மீன் இப்படி உடைந்து, மணி கோத்தாற்போல் வரிசையாகச் சென்று, 1994 ஜூலையில் வியாழன்மீது விழுந்தது. மூன்றாவது காரணம் விண்மீனின் முதுமை. கன்னி விண்மீன் கூட்டத்தில், முதுமையில் சுருங்கிப்போன ஒரு வெண்குறு விண்மீனைச் சுமார் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றியபடி சிதைந்துகொண்டிருக்கும் சிறு பாறைப் பொருளை, கெப்ளர் தொலைநோக்கியின் தரவுகள் 2015-இல் காட்டிக்கொடுத்தன.

அடுத்து உருண்டை. நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு உள்ள தரைப்பரப்புப் படத்தை, பிளெண்டரில் கோளத்தின்மேல் போர்த்தலாம். நிலவு, செவ்வாய் ஆகியவற்றின் இத்தகைய படங்களை நாசா இலவசமாகவே தருகிறது. பிறகு பிளவுகளைத் தனி லேயரில் வரைந்து, மாஸ்க் கொண்டு மேற்பரப்பை வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். அதை 1,000 பிக்சல் அகலத்தில் வரைந்தால், கண்டங்களின் மேலோடு சராசரியாக 3 பிக்சல் தடிமன்தான் வரும். வளிமண்டலம் 8 பிக்சலுக்குள் அடங்கிவிடும். தடித்த ஓடும் அகன்ற நீல ஒளிவட்டமும் கோளைச் சிறு பந்தாக்கிவிடும். மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை, அதாவது சுமார் 225 பிக்சல் வரை, கவசப் பாறை. அதன்பின் உலோகக் கருவம். நிறத்தை வெப்பமே தீர்மானிக்கும். சுமார் 700 டிகிரி செல்சியஸில் பாறை மங்கிய சிவப்பு. 1,000 டிகிரியை ஒட்டி ஆரஞ்சு. 5,000 டிகிரி அளவிலுள்ள கருவம் ஏறக்குறைய வெண்மை. இந்த ஒளிர்வை ‘ஸ்கிரீன்’ முறையில் தனி லேயராகச் சேர்ப்பது வழக்கம்.

சிதறல்களில் சிறியவை ஏராளமாகவும் பெரியவை சிலவாகவும் இருக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை அவற்றின் ஈர்ப்பே காலப்போக்கில் உருண்டையாக்கிவிடும். எனவே பாதி பிளந்து நிற்கும் கோள், அழிவு நடந்துகொண்டிருக்கும் நேரத்துக் காட்சியாகவே இருக்க முடியும். வெற்றிடத்தில் காற்று இல்லாததால் புகை சுருண்டு எழாது; தூசு வீசப்பட்ட திசையிலேயே விரியும்.

ஒளி தொலைவிலுள்ள ஒரே விண்மீனிலிருந்து வருவதால், கோளும் எல்லாத் துண்டுகளும் ஒரே பக்கம் வெளிச்சமாக இருக்க வேண்டும். நிழல்கள் கூர்மையாகவும் கருமையாகவும் விழும். பளிச்சென்ற கோளைப் படம்பிடிக்கும் கேமராவில் மங்கிய விண்மீன்கள் பதிவதில்லை. பின்னணியில் சில புள்ளிகளே போதும்.

எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் இது கற்பனைப் படமே. நாசா போன்ற அமைப்புகள் இத்தகைய படங்களை ‘ஓவியரின் கற்பனை’ என்ற குறிப்புடன்தான் வெளியிடுகின்றன. பகிர்பவர்களும் அந்தக் குறிப்பை நீக்காமல் பகிர வேண்டும்.