கீரைப் பாத்தியில் ஒரு ராக் பாடகர்

கிடார் மேடையிலும் கீரைப் பாத்தியிலும் ஒரே ஆள் நிற்பார், அதுவும் நம்ம விழுப்புரம் மாவட்டத்தில். யாரென்று தெரியுமா, நேயர்களே?

கிருஷ்ணா மெக்கன்சி! பிறந்தது இங்கிலாந்தில். தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி அங்கே தொடங்கிய பள்ளியில் படித்தவர், 19 வயதில் ஆரோவில்லுக்கு வந்தார். இங்கேயே வேர்விட்டுவிட்டார்.

‘எமர்ஜென்ஸ்’ இசைக்குழுவின் முதன்மைப் பாடகர் இவர்தான். பாட்டு ஒரு பக்கம் என்றால், ஆரோவில்லில் உள்ள சாலிட்யூட் பண்ணையில் ஜப்பானியர் புகுவோக்கா காட்டிய வழியில் இயற்கை விவசாயம் இன்னொரு பக்கம். வேலியோரம் தானாக முளைக்கிற கீரையைக்கூட விடமாட்டார். அதன் அருமையை நமக்கே சரளமான தமிழில் சொல்லித் தருவார். கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷம்!

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் போனால், அந்தப் பண்ணையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாங்க.