‘இளையராஜா’ என்று பேர் வைத்தவர் யார்?

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு போற பஸ்ஸில் இளையராஜா பாட்டு கேட்டிருப்பீங்க. அந்தப் பேரை வச்சவர் யார் தெரியுமா?

பஞ்சு அருணாசலம். சிறுகூடல்பட்டிக்காரர், கண்ணதாசனின் அண்ணன் மகன், அவரிடமே உதவியாளராக இருந்தவர்.

1976-ல் ‘அன்னக்கிளி’க்குத் திரைக்கதை, வசனம் எழுதினார். அப்போது வாய்ப்பு தேடி வந்த பண்ணைப்புரத்து ராஜாவின் மெட்டுகளைக் கேட்டார், பிடித்துப்போனது. ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருந்ததால் ‘இளைய’ சேர்த்தார். புதியவரை நம்பி முழுப் படத்தையும் கொடுக்க வைத்ததுதான் பெரிய மனசு.

1979-ல் ரஜினிக்காக ‘ஆறிலிருந்து அறுபது வரை’ எழுதினார். தம்பி, தங்கைகளுக்காகத் தேய்ந்துபோகும் அண்ணன் கதை. ‘கல்யாணராமன்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ எல்லாம் அவர் குடும்ப நிறுவனத் தயாரிப்புகள்.

2016 ஆகஸ்ட் 9-ல் மறைந்தார். அடுத்த தடவை பஸ்ஸில் ராஜா பாட்டு வந்தா, கதவைத் திறந்துவிட்ட அவரையும் நினைச்சுக்குங்க.