சீட்டாட்டப் புலிக்கு காசினோவில் வேலை! போகலாமா, வேண்டாமா?

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மடியில் கைப்பெட்டி. பெட்டி மேல் சீட்டுக்கட்டு. நாலு பேர் ரம்மி.

அதிலே ஒருத்தர் மட்டும் தினமும் ஜெயிப்பார். "நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லப்பா, லாஸ் வேகாசுக்குப் போ!" என்று மற்ற மூவரும் கிண்டல் செய்வார்கள்.

சரி, போனால் என்ன ஆகும்? மேஜையில் உட்கார்ந்து ஆடிப் பிழைப்பதா? அல்லது அந்தச் சூதாட்ட விடுதியிலேயே வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதா? அமெரிக்காவில் பல கில்லாடிகளுக்கு முன்னால் நிஜமாகவே வந்து நின்ற கேள்வி இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருளும் சக்கரத்தில் பணம் கட்டும் 'ரூலெட்' ஆட்டத்தில் எந்தப் புலியின் ஜம்பமும் சாயாது. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் கிடைப்பதோ 35 மடங்கு. 100 டாலர் கட்டினால் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் விடுதிக்குப் போய்விடும். திறமை செல்லுபடியாவது 'போக்கர்', 'பிளாக்ஜாக்' என்ற சீட்டாட்டங்களில்தான்.

கணக்கு வாத்தியாரின் கண்டுபிடிப்பு

பிளாக்ஜாக்கில் விடுதியை ஜெயிக்க முடியும் என்று உலகத்துக்குச் சொன்னவர் எட்வர்ட் தார்ப். கணக்குப் பேராசிரியர். 1962இல் புத்தகமே போட்டுவிட்டார். சங்கதி இதுதான்: வெளியே வந்துவிட்ட சீட்டுகளை மனசில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன எண்கள் போய், பத்துகளும் ஏஸ்களும் கட்டில் மிச்சம் இருக்கும்போது பந்தயத்தை ஏற்ற வேண்டும்.

இப்படி ஆடினால் எவ்வளவு லாபம் தெரியுமா? சுமார் நூற்றுக்கு ஒன்று. அவ்வளவேதான்!

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு ஆட்டத்துக்கு சராசரி 50 டாலர். மணிக்கு 80 ஆட்டம். மேஜையில் புரளும் பணம் 4,000 டாலர். அதில் நூற்றுக்கு ஒன்று, 40 டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 500 டாலர் மேலேயும் போகும், கீழேயும் போகும். மாசத்துக்கு 160 மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பிசகும் இல்லாமல் ஆடினாலும், ஆறு மாசத்தில் ஒரு மாசம் நஷ்டத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதான்.

அந்த மாசம் வீட்டு வாடகைக்கு எங்கே போவது? கைமுதலில் கை வைக்க வேண்டும். வியாபாரிகளுக்கு இது நன்றாகப் புரியும். கடை முதலை எடுத்து வீட்டுக்கு அரிசி வாங்கினால் அப்புறம் கடை ஏது?

வேலையை விட்டவர்

பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு சீட்டைப் பிடித்தவர் ஒருத்தர் இருந்தார். கென் அஸ்டன். சான்பிரான்சிஸ்கோ பங்குச் சந்தையில் மூத்த துணைத் தலைவர். அவரையும் சீட்டு இழுத்துவிட்டது. கூட்டாளிகளோடு சேர்ந்து விடுதி விடுதியாக வேட்டையாடினார். விடுதிக்காரர்கள் முகத்தை அடையாளம் கண்டு வெளியே தள்ளினார்கள். மாறுவேஷம் போட்டுக்கொண்டு மறுபடி நுழைந்தார்!

கடைசியில் கோர்ட்டுக்குப் போனார். மூளையை வைத்து ஆடுகிறவரை விடுதி தன்னிஷ்டத்துக்குத் தடுக்க முடியாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்புச் சொன்னது. விடுதிகள் சும்மா இருக்குமா? ஒரே ஆட்டத்தில் ஆறு கட்டு, எட்டு கட்டு என்று கலந்து போட ஆரம்பித்தன. கேஸ் ஜெயித்தது, கணக்கு கஷ்டமாகிப் போச்சு. அஸ்டன் 1987இல் பாரிசில் இறந்தார்.

என்னென்ன வேலை?

இனி வேலைக்கு வருவோம். சீட்டுப் போடும் 'டீலர்' வேலை புலிக்குச் சரிப்படாது. டீலருக்குச் சொந்த புத்தியே கூடாது. 16 வந்தால் இன்னொரு சீட்டு எடுத்தாக வேண்டும், கடின 17 வந்தால் நிறுத்தியாக வேண்டும். சட்டம் அப்படி. சம்பளமும் சொற்பம். வயிறு நிறைவது ஆடுகிறவர்கள் தரும் இனாமில்.

ஆடிக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலையும் இருக்கிறது! கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் கார்டீனா என்ற ஊர். 1936 முதல் அங்கே போக்கர் கிளப்புகள். ஜெயித்த பணத்தில் கிளப் பங்கு கேட்காது. அந்தக் காலத்தில் உட்காருவதற்கு அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அதனால் யார் ஜெயித்தாலும் கிளப்புக்குக் கவலை இல்லை. மேஜை காலியாக இருந்தால்தான் கவலை. கூட்டம் இருக்கிற கடைக்குத்தானே கூட்டம் வரும்?

அதற்காக சம்பள ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டார்கள். இதில் இரண்டு ஜாதி. கிளப் பணத்தில் ஆடுகிறவர் 'ஷில்'. வெறும் பொம்மை. தன் சொந்தப் பணத்தில் ஆடுகிறவர் 'பிராப்'. சம்பளமும் உண்டு, ஜெயித்தது முழுதும் அவருக்கு. தோற்றதும் அவருக்கே!

கேட்க ஜோர். ஆனால் எந்த மேஜையில் உட்காருவது என்பது அவர் கையில் இல்லை. ஆள் குறைந்த மேஜைக்குப் போ என்றால் போக வேண்டும். அங்கே எதிரில் இருப்பது பெரும்பாலும் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகள். நாலு ஏமாளிகள் வந்து உட்காரும்போது, "அண்ணே, எழுந்திருங்க, வாடிக்கைக்காரருக்கு இடம் வேணும்" என்பார்கள். சீட்டாட்டத்தில் பாதித் திறமை யாரோடு ஆடுவது என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஒற்று வேலை. கேமரா முன்னால் உட்கார்ந்து இன்னொரு கில்லாடியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. பில் ஜெண்டர் என்பவர் நெவாடா அரசின் சூதாட்டக் கண்காணிப்பு அதிகாரி, தொழில்முறை சீட்டுக் கணக்கர், விடுதி நிர்வாகி, எல்லாமாகவும் இருந்தவர். கணக்கரைப் பிடிப்பது எப்படி என்று விடுதிக்காரர்களுக்கே புத்தகம் எழுதினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய சிநேகிதன் முகமும் ஒருநாள் திரையில் வரும். என்ன செய்வது? காட்டிக் கொடுத்தால் சிநேகிதம் போச்சு, கொடுக்காவிட்டால் வேலை போச்சு.

800 டாலர்

அப்படியானால் வேலையே வேண்டாமா? ஸ்டூ அங்கர் கதையைக் கேளுங்கள். ரம்மி ஜாதியைச் சேர்ந்த 'ஜின்' ஆட்டத்தில் அவரோடு ஆட ஆளே முன்வராத நிலை வந்தது. போக்கர் உலகப் போட்டியில் 1980, 1981, 1997 என மூன்று தடவை பட்டம். 1997இல் நுழைவுப் பணம் 10,000 டாலரைக் கொடுத்ததே ஒரு நண்பர்தான். ஜெயித்தது பத்து லட்சம் டாலர்! மறு வருஷம் நவம்பரில் லாஸ் வேகாசில் ஒரு மலிவு விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். கையில் இருந்தது 800 டாலர். மற்ற பந்தயங்களும் போதை மருந்தும் மிச்சத்தை எல்லாம் தின்றுவிட்டன.

என்னைக் கேட்டால், குடும்பம் இருக்கிறவர், ஆறு மாச வீட்டுச் செலவுக்கு மேல் கைமுதல் இல்லாதவர், கண்ணை மூடிக்கொண்டு வேலையை ஒப்புக்கொள்ளலாம். கைமுதல் தாராளமாக இருந்து, குடிக்காமல், மற்ற பந்தயம் கட்டாமல் இருக்கிற ஆள் ஆடட்டும். அப்படிப்பட்ட ஆள் ஆயிரத்தில் ஒருத்தரா என்று சந்தேகம். வேலையும் பார்த்துக்கொண்டு அங்கேயே ஆடவும் செய்யலாம் என்ற யோசனை மட்டும் நியூஜெர்சியில் பலிக்காது. வேலை பார்க்கிற விடுதியில் ஊழியர் பணம் கட்டக் கூடாது.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு. ஆனால் அதற்கு மகா கில்லாடியாக இருக்க வேண்டும். சாண்டியாகோ பக்கத்தில் பரோனா என்ற காசினோ. அங்கே பிளாக்ஜாக் மேதைகளுக்கு ஒரு கௌரவ மண்டபம். 2002இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் தார்ப்பும் இறந்துபோன அஸ்டனும் உண்டு. உறுப்பினருக்கு அங்கே அறை, சாப்பாடு, பானம் எல்லாம் ஆயுசுக்கும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: பரோனா மேஜையில் ஒருநாளும் சீட்டைத் தொடக் கூடாது!