வர்த்தகப் பிரிவு எடுக்கும் தீவகப் பிள்ளைகளே, எழுத்தில் கேளுங்கள்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கட்டளை அது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பல் என்றால் செம்பாதி. கப்பல் உடைந்தபின் கரையில் நின்று வாதாட இடமில்லாதபடி, முன்கூட்டியே எழுதிவைத்த விதி.

வணிகம் தீவகத்துக்குப் புதிதல்ல. நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து போன பையன் மாமாவின் கடையில் நின்று, கணக்கெழுதிப் பழகி, பிறகு தானே ஒரு கடை போட்டான். 1983க்குப் பிறகும், தொண்ணூறுகளின் இடப்பெயர்வோடும் அந்தப் பாதை பெரும்பாலும் மூடிப்போனது. இன்று அதே தொழிலுக்குப் போகப் பாடம், பெறுபேறு, சான்றிதழ், நியமனக் கடிதம் என்று பல படிகள். மாமாவின் இடத்தில் முன்பின் தெரியாத நிறுவனங்கள் நிற்கின்றன. அங்கேதான் ஏமாற்றும் நுழைகிறது.

பாடசாலையில் என்ன கிடைக்கிறது?

க.பொ.த. சாதாரண தரத்தில் ‘வணிகக் கல்வியும் கணக்கீடும்’ தெரிவுப் பாடமாக உண்டு. உயர்தர வர்த்தகப் பிரிவின் மையம் வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல். இலங்கையின் 1சி வகைப் பாடசாலைகளில் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டுமே நடக்கும். விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான். அதனால் சிறிய ஊர்களில் பல பிள்ளைகள் வர்த்தகத்தை விரும்பி எடுப்பதில்லை. இருப்பது அதுதான் என்று எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவர்கள்தான் கணக்கீட்டில் முதல் தவணையிலேயே தடுமாறுகிறார்கள். பத்தாம் வகுப்பிலேயே சாதாரண தரத்தின் அந்தத் தெரிவுப் பாடத்தை எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் வழி உண்டு. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்பாடப் பிரிவில் 12ஆம் வகுப்புக்குச் சேரலாம். எல்லாப் பாடசாலைகளிலும் இது நடப்பதில்லை. எங்கே நடக்கிறது என்பதை அதிபரிடமோ தீவக வலயக் கல்விப் பணிமனையிலோ கேட்டறியுங்கள்.

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளிப்படி. வர்த்தகப் பிரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் கிடைக்கும். பெறுபேறு வந்தபின் அவசரமாகப் புரட்டாமல் 12ஆம் வகுப்பிலேயே வாசித்துவிடுங்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் கணக்கியல் டிப்ளோமா, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகள் என்று வேறு வாசல்களும் உண்டு.

நிர்வாகம் என்பது கந்தோரும்தான்

முகாமைத்துவம் என்றதும் பிள்ளைகள் வங்கியையும் தனியார் கொம்பனியையும்தான் நினைக்கிறார்கள். பிரதேச செயலகத்தின் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் பதவிகளுக்கு உயர்தரத் தகைமையோடு போட்டிப் பரீட்சை எழுதலாம். இலங்கை நிர்வாக சேவைக்குப் பட்டம் வேண்டும். அறிவித்தல் வர்த்தமானியில் வரும். அரச சேவை ஆட்சேர்ப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ் வினாத்தாள் கிடைக்காவிட்டால் அது உரிமை மீறல். மண்டபத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எழுத்திலும் முறையிடவேண்டும்.

2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்பது விதி. நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரால் நயினாதீவில் ஆண்டு முழுவதும் சிங்களம் கேட்கிறது. இறங்குதுறையில் நின்று விலை சொல்லவும் வழி சொல்லவும் பழகிய பிள்ளைக்கு அந்தத் தேர்ச்சி பாதி வந்துவிட்டது. அதுபோலவே அம்மன் கோயில் ஆனித் திருவிழாக் கடையின் கொள்வனவு, இருப்பு, விற்றது, மிஞ்சியது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால் கணக்கீட்டுப் பாடம் புரியும். கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகை வாசிக்கும்போது அருகில் இருந்து கேளுங்கள்.

சான்றிதழை விற்பவர்கள்

உயர்தரப் பரீட்சை முடியும் காலத்தில் யாழ்ப்பாண நகரில் ‘வெளிநாட்டுப் பட்டம், 18 மாதத்தில்’ என்ற பதாகைகள் முளைக்கும். பணம் கட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

தொழிற்பயிற்சி என்றால், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கவேண்டும். நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. பதிவு இலக்கத்தைக் காட்டிவிட்டு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தராத பாடநெறிக்குக் காசு வாங்குவது வழக்கமான தந்திரம். இரண்டையும் ஆணைக்குழுவிடம் சரிபாருங்கள்.

உள்நாட்டுத் தனியார் பட்டம் என்றால், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அதிகாரம் வழங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். ‘இணைந்த நிறுவனம்’ என்ற சொல் எதையும் நிரூபிக்காது.

கட்டணம், தவணை, இடையில் விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகை, சான்றிதழில் அச்சாகும் பெயர் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா நேரே அவர்களின் கணக்குக்கு அனுப்பினாலும் பற்றுச்சீட்டு மாணவரின் பெயரில் இருக்கவேண்டும். 18 வயதாகாத பிள்ளை கடன் பத்திரத்திலோ பிணைப் பத்திரத்திலோ கையெழுத்திடக்கூடாது.

முதல் வேலையில்

பெறுபேறு வரும்வரை பலர் நகரத்துக் கடையிலோ நிதி நிறுவனத்திலோ சேர்கிறார்கள். வேலைக்கான ஆகக்குறைந்த வயது 2021 முதல் 16. சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். கடை, காரியாலய ஊழியருக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம் முதலாளியுடையது. ‘முதல் ஆறு மாதம் பயிற்சி, அதனால் இதெல்லாம் இல்லை’ என்று சொன்னால் நம்பவேண்டாம்.

மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்கவேண்டாம்; காட்டிவிட்டுப் பிரதி கொடுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் அறவிடும் வேலை என்றால், அன்றன்று ஒப்படைத்த காசுக்கு அன்றன்றே கையொப்பம் வாங்குங்கள். கணக்கில் குறை வந்தால் பழி முதலில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும்.

ஆள் சேர்த்தால் காசு

‘சின்ன முதலீடு, கீழே ஆறு பேரைச் சேர், மாதம் இலட்சம்’ என்று வருவதும் வியாபாரம் என்ற பெயரில்தான். பொருளை விற்று வரும் இலாபமாக இல்லாமல், புதிதாகச் சேர்ந்தவர் கட்டும் காசிலிருந்து வருமானம் வருமானால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இதைத் தடைசெய்கிறது; சிறை செல்லக்கூடிய குற்றம். தொடங்கியவர் மட்டுமல்ல, விளம்பரப்படுத்துபவரும் ஊக்குவிப்பவரும் சட்டத்தில் அகப்படுவர். வட்சப்பில் பகிர்ந்த மாணவனும் இதில் அடங்கலாம். எல்லாரும் எல்லாருக்கும் உறவான சிறிய தீவில் சங்கிலி முதலில் மாமி, மச்சான், அயல் வீட்டாரிடம் போகும். காசு போனபின் வழக்குப் போடவும் கூச்சம், முகம் பார்க்கவும் கூச்சம். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியிடம் கேளுங்கள்.

எங்கே, எத்தனை நாளுக்குள்?

சம்பளம், சேமலாப நிதிப் பிரச்சினைக்கு யாழ்ப்பாணத் தொழில் திணைக்கள அலுவலகம். வழக்கறிஞர் தேவையில்லை. வங்கிக் கணக்குக் கூற்று, வேலை நேரம் குறித்த கொப்பி, குறுஞ்செய்திகள் எல்லாம் சான்றாகும்.

பணம் பெற்று வழங்கிய சேவையில் ஏமாற்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. சிறிய பணப் பிணக்குகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரும்.

அரச கந்தோர் பதில் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தரப்படவேண்டும். சட்டத்தின் கீழ் பதிவோ அனுமதியோ பெற்ற தனியார் கல்வி நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே பாடநெறி அங்கீகாரக் கடிதத்தின் பிரதியை அந்த நிறுவனத்திடமே சட்டப்படி கேட்கலாம்.

பரீட்சை, ஆட்சேர்ப்பு, அனுமதி ஆகியவற்றில் அரச தரப்பு பாகுபாடு காட்டினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

கடல் கொந்தளித்தால் நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது. சட்டத்தின் தவணை அதற்காகக் காத்திராது. ஆகவே முறைப்பாட்டை முதல் வாரத்திலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள்.