மண்ணுக்குள் ஒரு தொட்டி

பெட்ரோல் பங்கிற்குச் செல்லும் நம்மில் பலரும் உற்றுப் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்பது. காசு கொடுப்பவன் அளவைப் பார்ப்பது நியாயமே. ஆனால், மீட்டர் தவறினால் போவது நம் சட்டைப் பையிலுள்ள சில ரூபாய். காலடியில் புதைந்திருக்கும் தொட்டி தவறினால் கெடுவது அக்கம்பக்கத்தார் குடிக்கும் தண்ணீர். அத்தொட்டியை யார், எவ்வாறு கண்காணிக்கிறார்கள் என்பதை, மைசூரில் இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

தொட்டியை ஏன் புதைக்க வேண்டும்? 23 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது பெட்ரோல். ஆகவே சட்டம் அதை 'ஏ' வகுப்பில் வைத்திருக்கிறது. டீசல் 'பி' வகுப்பு. புதைத்துவிட்டால் வெயிலும் தீப்பொறியும் அதை எளிதில் அணுகா. ஆனால், தீயிலிருந்து காக்கும் அதே மண் கசிவையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறதே!

இதன் பொருட்டு அரசாங்கம் பல காவலர்களை நியமித்திருக்கிறது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின்படியும் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படியும் தொட்டிக்கு லைசென்ஸ் வழங்கிச் சோதிப்பது, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். மீட்டரைச் சோதித்து முத்திரையிடுவது மாநில எடையளவுத் துறை. சரக்கின் தரத்தைப் பார்ப்பவர்கள் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள். மண்ணும் நீரும் கெடாமல் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். புதிய பங்க் ஒன்று பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், இயலாவிடில் கூடுதல் பாதுகாப்புடன் 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்று மத்திய வாரியம் 2020 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது.

இவர்கள் யாவரும் என்றோ ஒரு நாள் வருபவர்கள். அன்றாடக் காவலன் யார்? காலையில் பங்க் ஊழியர் தொட்டிக்குள் இறக்கும் நீண்ட அளவுகோலும், அவர் எழுதி வைக்கும் கணக்குப் புத்தகமுமே! நேற்றைய இருப்புடன் லாரியில் வந்ததைக் கூட்டி, மீட்டர் காட்டும் விற்பனையைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். அளவுகோல் அதைவிடக் குறைத்துக் காட்டினால் மிச்சம் எங்கே போயிற்று?

இங்கேதான் சிக்கல். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு சுருங்கும். வெயிலில் வந்த 10,000 லிட்டர் சரக்கு மண்ணுக்குள் 5 டிகிரி குளிர்ந்தால் 50 லிட்டர் குறைந்தாற்போல் தோன்றும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் கசிவு இந்த ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். ஆகவே ஒரு நாள் கணக்கு போதாது. மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும். தற்செயலான பிழைகள் கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று ஈடு செய்யும்; கசிவோ குறைந்துகொண்டே போகும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் பசையின் நிறம் மாறும். மழைநீர் உள்ளே வர வழி இருக்குமானால், பெட்ரோல் வெளியே போகவும் வழி இருக்கலாம் அன்றோ? எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஈர்ப்பதால், இச்சோதனை முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

ஒரு லிட்டர் கசிவு பெரிதா என்று கேட்கலாம். பெட்ரோலில் பென்சீன் ஒரு சதவீதம் வரை இருக்க இந்திய விதி இடம் தருகிறது. அப்படியானால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 கிராம். புற்றுநோய் விளைவிக்கும் இப்பொருள் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால், எட்டரை இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் அந்த எல்லையைத் தொட்டுவிடும்! மைசூரின் அடியிலிருப்பதோ கடினப் பாறை. அங்கே நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், கசிவு எந்த ஆழ்துளைக் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்வது அரிது.

இது வீண் அச்சமன்று. 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் மக்களின் நிலத்தடி நீரில் கலந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அமெரிக்கா 1984-இல் நிலத்தடித் தொட்டிகளுக்கெனச் சட்டம் இயற்றித் தேடத் தொடங்கியபின், இதுவரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் வெளிப்பட்டுள்ளன. 2005-இல் இயற்றிய சட்டம், மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு தொட்டி நிலையத்தையும் சோதிக்க வேண்டுமென்று விதித்தது. தேடிய பிறகே நோயின் அளவு தெரிந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தால் அளந்து காட்டுமாறும், பெட்ரோலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டுமாறும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமையுண்டு, கேட்போம். நாம் தங்கியிருக்கும் விடுதியிலோ வாடகை அறையிலோ கிணற்று நீரில் பெட்ரோல் வாடை அடித்தால், குழாயை மாற்றிப் பார்த்துச் சும்மா இருந்துவிடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றே எழுத்து மூலம் தெரிவிப்போம். அதிகாரி வரும் நாள் வரை கசிவு காத்திருக்காது.